யாருடைய தன்னிறைவு?

"ஆருட்டயும் கை நீட்டாம இருக்கணும் மக்களே" என்று எங்க பாட்டி சொல்லிக்கிட்டே இருப்பா. தன்னிறைவு என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அறுப்புக் களத்தில் கூலி நெல்லுக்குப் பெட்டியோடு காத்து நின்றவளுக்கு அதன் அருமை மட்டும் தெரியும்.

1905இல் சுதேசி, 1909இல் காந்தியின் 'இந்திய சுயராஜ்யம்', 2020இல் 'தற்சார்பு இந்தியா' என்று இந்த ஆசை திரும்பத் திரும்ப வருகிறது. காரணம், இது வரவுசெலவுக் கணக்கு அல்ல, மானப் பிரச்சினை. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காக ஒரு நாடே காத்துக் கிடந்தது. அந்த அவமானம் பொய்யில்லை. ஆகவே இந்த ஆசையை நான் கேலி பேசவில்லை. 'நம்ம தேவையை நாமே பாத்துக்கிடுவோம்' என்கிறார்களே, அந்த 'நாம்' யாரு என்றுதான் கேட்கிறேன்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களின் நெல் பத்தாயங்களை நிறைத்தது. அந்த வயலில் பாடுபட்ட புலையரும் பறையரும் 1855 வரை சட்டப்படியே அடிமைகள். விற்றார்கள், வாங்கினார்கள். ஊருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. சோறு விளைவித்தவனுக்கோ தன் உடம்பே சொந்தமில்லை.

வழி வெளியிலிருந்துதான் திறந்தது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. அதற்காக உலகச் சந்தை நமக்குத் தாய்வீடு என்று சொல்ல வரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களும் உலகச் சந்தைக்காகத்தான் நம் சனங்களின் ரத்தத்தை உறிஞ்சின. உள்ளூர் பண்ணையாரா, வெளியூர் துரையா என்பதல்ல நம் கேள்வி.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை விட்டுவிட்டு தனிமனிதரை அலகாகக் கொண்டது வரைவுச் சட்டம் என்று அம்பேத்கர் மகிழ்ச்சி தெரிவித்தார். தன்னிறைவையும் அப்படித்தான் அளக்க வேண்டும். நாட்டுக் கிட்டங்கியில் எத்தனை மூட்டை என்று எண்ணினால் போதாது. 'இந்தக் கூலிக்கு நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்த ஒருத்தியின் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிய வேண்டும்.

எங்க பாட்டி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல முடிந்ததில்லை.