தோப்பும் சவன்னாவும்

திறந்த புல்வெளி, ஆங்காங்கே மரம், பக்கத்தில் தண்ணீர். இப்படிப்பட்ட நிலத்தை நாடிய மூதாதையர் பிழைத்தார்கள், அந்த நாட்டம்தான் நமக்குள் அழகுணர்வாக மிஞ்சியது என்கிறது சூழலியலாளர் கார்டன் ஓரியன்ஸின் சவன்னா கருதுகோள். எனக்கு இதில் பாதிதான் ஒப்புதல்.

எங்கள் பேராவூரணிப் பக்கம் வந்து பாருங்கள். வறண்ட ஏரியில் சீமைக்கருவேலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும், நடுவே கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். கருதுகோள் கேட்கிற அத்தனையும் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அதை அழகு என்று சொல்ல மாட்டார்கள். "பாழாப் போச்சு" என்பார்கள். வரிசை பிடித்து நட்ட தென்னந்தோப்புதான் அவர்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பச்சை தானாக வந்ததில்லை. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்க்கும், மனிதர்களின் முதுகெலும்புக்கும் அதில் பங்குண்டு.

பச்சையைக் கண்டால் மனம் இளகுவதைப் பரிணாமம் விளக்கலாம். எந்தப் பச்சை போனால் மனம் உடைகிறது என்பதை அது விளக்காது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தது. வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது அரசு. ஒரு தென்னைக்கு விலை போடலாம், தப்பில்லை. ஆனால் அப்பா வைத்து, மகன் தண்ணீர் கட்டி, பேரன் இளநீர் குடித்த வரிசைக்கு?

அழகு வெறும் மரபுவழிச் சொத்து என்றால், ஒரு பச்சைக்குப் பதில் இன்னொரு பச்சை போதும், கணக்கு முடிந்தது. பராமரிப்பும் சேர்ந்ததுதான் அழகு என்றால், ஒரு நிலத்தை அழிக்கிறவன் அங்கே வாழ்ந்தவர்களின் பார்வையையும் சேர்த்தே அழிக்கிறான். அதற்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.