வண்டிப்பாதை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து பேசினான். வேலைக்குப் போன இடத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருக்கிறான். "நடந்துகிட்டே பேசுறேன் மாமா, மூச்சு வாங்கினா ஒண்ணும் நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் காட்டினான். மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, அதன் ஓரமாக ஓக் மரக்காடு, நடுவில் ஆடுகள் மேய்கின்றன. பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று ஒரு வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினான். ஏறி இறங்க வசதியாக வேலியிலேயே மரப்படி கட்டி வைத்திருந்தார்கள்.

எனக்குப் பதறிவிட்டது. "ஏப்பா, யார் தோட்டமோ தெரியலையே, நாய் கீய் இருக்கப்போகுது" என்றேன். அவன் சிரித்தான். "தோட்டம் அவருதுதான் மாமா. பாதை எல்லாருக்கும்."

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி எல்லாருக்கும் உரிமையான நடைபாதைகள் ஏறத்தாழ 1,40,000 மைல் இருக்கின்றன. தனியார் வயலுக்குள்ளே போகும், தோப்புக்குள்ளே போகும். உழும்போது சம்சாரி பாதையையும் சேர்த்து உழுதுவிட்டால், 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கிற மாதிரி சரிசெய்து, பாதை கண்ணுக்குத் தெரியும்படி விட வேண்டும். அங்கே சட்டம் அப்படி.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் ஊர் நினைப்புத்தான். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். வாலிபத்தில் விருதுநகருக்குப் பருத்திப் பொதி ஏற்றி மாட்டுவண்டி ஓட்டியவர். "அண்ணாச்சி, நம்ம திருத்தங்கல்ல இப்படிக் காட்டுக்குள்ள நடக்கப் பாதை இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சாவா? இப்பவும் இருக்கு தம்பி. காலையில வாங்க, காட்டுறேன்" என்றார்.

விடிகிற நேரத்துக்குக் கிளம்பினோம். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேனிலும் மடியில் தூக்குவாளியோடு பெண்கள். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கண்மாய்க்கரை ஏறினோம். அந்த மலை ஆதியில் ஓர் ஆலமரம் என்கிறது தலபுராணம். நீ பெரியவனா நான் பெரியவனா என்று ஆதிசேஷனோடு வாதாடித் தோற்ற ஆலமரம் தவமிருந்து மலையாகி, பெருமாளைத் தன்மேல் நிற்க வைத்துக்கொண்டதாம். கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால், ஊர் முழுக்க அந்த மரத்து நிழலில் படுத்திருக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

கரையில் பனைகள் வரிசையாக நின்றன. செம்போத்து ஒன்று எங்களுக்கு முன்னால் தத்தித் தத்திப் போய்க் கோவைக்கொடிக்குள் புகுந்தது. கரை இறங்கினதும் ஒரு கம்பிவேலி குறுக்கே வந்தது, வெடிமருந்து புழங்குகிற இடம். இப்படிப்பட்ட வேலியை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அது உயிருக்காகப் போட்ட வேலி, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நாங்களும் சுற்றிக்கொண்டுதான் போனோம்.

வேலி முடிகிற இடத்தில் தரையோடு தரையாக ஒரு பாறை கிடந்தது. அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து, மேலே கிடந்த மண்ணைக் கையால் தள்ளினார். பாறையில் நீளவாக்கில் இரண்டு பள்ளம். வண்டிச் சக்கரத்து இரும்புப்பட்டா தேய்த்துத் தேய்த்துப் போட்ட பள்ளம். அவர் தன் நாலு விரலையும் சேர்த்து அதற்குள் வைத்தார். விரல் முழுசாக உள்ளே இறங்கியது. "இந்த ஏத்தத்துல மாடு முட்டுக்குத்தும் தம்பி. பொதி வண்டின்னா ரெண்டு பேரு இறங்கி ஆரக்காலப் பிடிச்சுத் தள்ளணும். எங்க ஐயாவும் தள்ளியிருக்காரு, அவங்க ஐயாவும் தள்ளியிருக்காரு." விரலை எடுக்காமலே இதையெல்லாம் சொன்னார்.

அதற்கு அப்பால் பாதை இல்லை. சீமைக்கருவேலம்தான். ஆள் நுழைய முடியாது. "ஆடி கடேசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போறதுன்னா இப்படிக் காட்டுவழியாத்தான் கிளம்புவோம். இப்ப சனமெல்லாம் தார்ரோட்டுல லாரிக்குப் பயந்து பயந்து போகுது" என்றார். பிறகு குனிந்து முள்ளுக்குள் எட்டிப் பார்த்து, "அந்தா நிக்குது பாருங்க" என்றார்.

ஒரு சுமைதாங்கி. இரண்டு கல் தூண், மேலே படுக்கையாக ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வழியோரத்தில் நட்டு வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. அப்படியே சுமையைக் கல்மேல் சாய்த்துவிட்டு, இளைப்பாறி, திரும்பத் தலையிலேற்றிக்கொண்டு போகலாம். அதற்கென்று அளவெடுத்த உயரம். இந்தச் சுமைதாங்கியின் ஒரு தூண் பாதிக்குமேல் மண்ணுக்குள் போயிருந்தது. மேல்கல்லைச் சுற்றி முள் பின்னியிருந்தது. யாரோ ஒரு மகள் பேரைச் சொல்லி, நடக்கிறவர்களுக்காக வைத்த கல். நடக்கிறவர்கள் இல்லை என்றதும் அதைத் தேடி வரவும் ஆளில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சியும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆள் நடமாட்டம் இருந்தா முள்ளு இம்புட்டு வராது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நம் ஊருக்கும் நடைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை இருக்கிறதே, அதில் பராசரன் என்று ஒருவர் வருகிறார். சோழநாட்டுக்காரர். காடும் மலையும் தாண்டி நடந்தே சேரன் அவைக்குப் போய், வாதில் வென்று, பரிசு வாங்கிக்கொண்டு நடந்தே திரும்புகிறார். வழியில் களைத்து உட்கார்ந்த ஊர் தங்கால், அதாவது நம் திருத்தங்கல். ஊர் மன்றத்தில் கைத்தடி, கமண்டலம், குடை, சின்ன மூட்டை, செருப்பு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, விளையாடுகிற பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வழிநடைக்காரர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததால்தான் நம் ஊருக்குக் காப்பியத்தில் அப்படி ஒரு கதை கிடைத்தது.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் பாதை சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரமெல்லாம் ஆலைப் புகையில் கிடந்த மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பி, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். வேட்டைக்கென்று நிலப்பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த இடம் அது. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. அவரோடு சேர்த்து ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் சட்டம் வந்தது. ஊர் ஊராகப் பொதுப்பாதைகளைத் தேடி வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது அந்தச் சட்டம். வாரத்தில் ஆறு நாள் மருந்து நெடியிலும் காகிதத் தூசியிலும் வேலை பார்க்கிற நம் சிவகாசி, திருத்தங்கல் சனத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை புரியாமல் இருக்குமா?

நாம் என்ன செய்கிறோம்? டாக்டர் நடக்கச் சொன்னால் பைபாஸ் ஓரத்தில் வண்டிப் புகையைக் குடித்துக்கொண்டு நடக்கிறோம். காசு கட்டி, நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரத்தில் ஏறுகிறோம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தன் ஊர்க் கண்மாயின் மடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இது சரியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொதுப்பாதை நம் பதிவுகளிலும் இருக்கிறது. உங்கள் ஊர் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை, ஓடை, கண்மாய்க்கரை எல்லாம் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். அதாவது, ஒருவருக்கும் பட்டா கிடையாது, ஊருக்கே பொது. ஆனால் பத்து வருடம் ஒருவரும் கால் வைக்காத பாதையை முதலில் முள் எடுத்துக்கொள்ளும், அடுத்து பக்கத்து வரப்பு எடுத்துக்கொள்ளும், கடைசியில் சர்வே கல்லும் காணாமல் போகும். அதற்கப்புறம் தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைவிட, இன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது லேசான காரியம். வழி காட்டப் பெரியவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பாறையில் வண்டி ஏறியது, எந்தக் கல் யார் பேரில் நட்டது என்பதெல்லாம் புலப்படத்தில் இருக்காது. அவர்களுக்குத்தான் தெரியும்.

சுற்றுக் கிராமத்துக்காரர்களுக்கு இன்னொன்று. அடுத்த கிராம சபையில் தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்டு முடித்த பிறகு, எழுந்து நின்று இதையும் கேளுங்கள்: எங்கள் ஊர் வண்டிப்பாதையை அளந்து, முள் வெட்டி, கல் நட்டுக் கொடுங்கள்.