தாய்நாடும் ஒரு நிஃமத்

ஜும்ஆ பயான், கொடுமுடி, 15.08.2025

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லி ஆரம்பம் செய்கிறேன்.

இன்று சுதந்திர தினம். நாளை கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை, மறுநாள் ஞாயிறு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நேற்று இரவே ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். இன்று ஸஃப்கள் நிறைந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. சின்னப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் பார்த்துவிட்டு மிட்டாயோடு வீடு வந்தார்கள். வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கிறது. அல்ஹம்து லில்லாஹ்.

போன வாரம் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நன்றி அல்லாஹ்வுக்குத்தானே? நாட்டுக்கு எதற்கு நன்றி? அதுவும், 'நீ இந்த நாட்டை நேசிக்கிறாயா?' என்று நம்மிடம் மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டு வாங்குகிற நன்றி ஒரு நன்றியா?"

அந்தத் தம்பி மனசில் வலி இருந்தது. அதனால் அவசரமாகப் பதில் சொல்லாமல், இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

முதல் விஷயம். நன்றி அல்லாஹ்வுக்கே உரியது, சந்தேகமில்லை. ஆனால் அவன் தன் நிஃமத்துகளை மனிதர்களின் கைவழியாகத்தான் நமக்குத் தருகிறான். மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியிருக்கிறது. குறைஷிகளுக்கு அல்லாஹ் நினைவூட்டிய நிஃமத்துகள் எவை? பசிக்கு உணவு, பயத்திலிருந்து பாதுகாப்பு (106:4). இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்காகத் துஆ கேட்டபோது முதலில் கேட்டது அமைதியை, அடுத்துத்தான் கனிவகைகளை (2:126). அமைதி இல்லாத ஊரில் பழம் இருந்து என்ன பயன்?

நம் ஊரையே பாருங்கள். பவானியில் ஆரம்பித்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிப் பக்கம் வந்து முடிகிறது காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. வெட்டிய காலிங்கராயர், 'சொந்த லாபத்துக்காக வெட்டினார்' என்ற பேச்சு வரக்கூடாது என்று, தம் வம்சத்தார் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை என முடிவெடுத்து ஊரைவிட்டே போனதாக இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாய்க்கால் பாயும் வயலில் விளைந்த மஞ்சளும் வாழையும் நம் அடுப்படி வரை வருகிறது. அவருக்கு நாம் என்ன உறவு?

சுதந்திரமும் அப்படித்தான். பக்கத்துச் சென்னிமலையில் பிறந்த குமரன், திருப்பூரில் கொடி பிடித்துப் போன ஊர்வலத்தில் அடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று உயிர் நீத்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1927 டிசம்பர் 19 அன்று, ஃபைஸாபாத் சிறையில் அஷ்ஃபாகுல்லா கான் தூக்கிலிடப்பட்டார். இருவருக்கும் வயது 27. இந்த லீவுக்கு வந்து முன் ஸஃபில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களின் வயது! அவர்கள் இருவருமே சுதந்திர தினத்தைப் பார்க்கவில்லை. நாம் பார்க்கிறோம்.

இரண்டாவது விஷயம், கேட்டு வாங்குகிற நன்றி. தம்பி சொன்னது சரி. பிறர் பார்க்கவேண்டும் என்று செய்வது தொழுகையாக இருந்தாலும் அது ரியா. வாசலில் கொடி கட்டுவதை யாருக்கோ நிரூபிப்பதற்காகச் செய்தால் அதில் நன்றி இருக்காது, பயம்தான் இருக்கும். ஆனால் அடுத்தவர் கேட்கிறார் என்ற கோபத்தில் உள்ளத்தில் இருக்கிற நன்றியையும் விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு?

நபி (ஸல்) அவர்களைப் பாருங்கள். மக்காவை விட்டுப் புறப்படும்போது அந்த ஊரைப் பார்த்து, 'நீ எனக்கு எவ்வளவு பிரியமான ஊர்! உன் மக்கள் வெளியேற்றாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்' என்ற கருத்தில் சொன்னார்கள் (திர்மிதீ). ஊர் துரத்திய நேரத்திலும் ஊரின் மீது பிரியம் குறையவில்லை. ஊரில் சிலர் செய்த கொடுமை வேறு, ஊர் வேறு.

மூன்றாவது விஷயம். நன்றி என்றால் குறையைச் சொல்லக்கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். வீட்டின் மீது பிரியம் உள்ள பிள்ளைதான் 'அத்தா, ஓடு ஒழுகுகிறது' என்று சொல்வான், ஏணி வைத்து ஏறிச் சரியும் செய்வான். மார்க்கத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைச் சட்டப்படி, கண்ணியமாகக் கேட்பதும் ஷுக்ரின் ஒரு பகுதிதான்.

1947 ஆகஸ்ட் 15-ம் வெள்ளிக்கிழமைதான். ரமளானின் கடைசி ஜும்ஆ. மூன்று நாள் கழித்துப் பெருநாள். வடக்கே பிரிவினையின் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமும் துக்கமும் ஒரே துஆவில் கலந்த நாள் அது. அன்று நம் முன்னோர்கள், 'இதுதான் நம் மண்' என்று இங்கேயே இருந்தார்கள். இரண்டு உணர்வையும் ஒரே நெஞ்சில் தாங்க அவர்களால் முடிந்தது. நம்மாலும் முடியும்.

சகோதரர்களே, அல்லாஹ் தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரை அழைத்து, நன்றியாகச் செயல்படுமாறு சொல்கிறான் (34:13). தனி ஆளிடம் சொல்லவில்லை, குடும்பத்திடம் சொல்கிறான். அதே அத்தியாயத்தில் அடுத்து வருவது ஸபா நாட்டார் சரித்திரம். நல்ல ஊர், இரு பக்கமும் தோட்டம். நன்றி மறந்தார்கள், வெள்ளம் வந்தது, தோட்டம் போனது (34:15-17). காவிரிக்கரையில் குடியிருக்கும் நாம் அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆகவே இந்த மூன்று நாளில் சில காரியங்கள் செய்யுங்கள். செல்போனை ஓரமாக வைத்துவிட்டு அத்தா, அம்மா பக்கத்தில் உட்காருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துக் கதையைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிரியாணியில் ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும், அவர்கள் யாராக இருந்தாலும் சரி. இன்றும் லீவு கிடைக்காத தூய்மைப் பணியாளர், பஸ் டிரைவர், நர்ஸ் யாரையாவது பார்த்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நாளைக் காலை ரோட்டில் கொடி விழுந்து கிடந்தால் எடுத்து வையுங்கள். ஆற்றங்கரைக்குப் போனால் பிள்ளைகளை ஆழத்தில் இறங்க விடாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாங்கியது நாம்தான். கணக்கு நமக்கும் ரப்புக்கும் இடையில்.

வல்ல ரஹ்மான் நம் நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! நம் குடும்பங்களை நன்றியுள்ள குடும்பங்களாக ஆக்குவானாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.