வியப்புக்கு இடமுண்டா?

பசியில்லை, பிணியில்லை, ஆண்டையில்லை, அடிமையில்லை, சாதியில்லை, சடங்கில்லை! அத்தகைய புத்துலகு பூத்தே தீரும் என்று பேசுகிறோம், எழுதுகிறோம், பாடுபடுகிறோம். "அந்த உலகிலே எல்லாம் திட்டமிட்டபடி நடக்குமானால், எதிர்பாராதது என்று ஏதும் இராதே! வியப்பற்ற வாழ்வு சுவைக்குமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேலிக்காகக் கேட்டாரல்லர், ஆகவே விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1516ஆம் ஆண்டிலே, இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் மோர், 'உட்டோப்பியா' என்றோர் கற்பனைத் தீவைத் தீட்டிக் காட்டினார். அங்கே தனியுடைமை இல்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைப்பு. பட்டினி என்ற பேச்சே இல்லை. ஆயின், அங்குள்ள 54 நகரங்களில் ஒன்றைக் கண்டவர் அனைத்தையும் கண்டவராவர், அத்துணை ஒற்றுமை! உடுப்பும் ஒரே பாங்கு. வேற்று நகர் செல்ல இசைவுச் சீட்டு வேண்டும். வயிறு நிறைந்தது, வழி அடைபட்டது! அந்த அமைதியை நாம் விரும்பவில்லை.

அதற்காக, எதிர்பாராதது எல்லாம் இனிமை என்று போற்றிடவும் மாட்டோம். மழை பொய்க்குமோ என்று வானத்தை நோக்கும் உழவனுக்கு, நாளையும் வேலை உண்டோ என்று ஏங்கும் கூலியாளுக்கு, எதிர்பாராதது இனிமையன்று, இடி! மேலே வந்து விழும் வியப்பு வேறு. மனிதன் தன் விருப்பத்தால் விளைவிக்கும் வியப்பு வேறு. முன்னதை ஒழித்திடத் திட்டம் வேண்டும். பின்னதைக் காத்திட உரிமை வேண்டும்.

மோரின் தீவிலேகூட, தந்தையின் தொழிலை விரும்பாத மகன், வேறு தொழில் புரியும் குடும்பத்திற்குச் செல்லலாம். 437 ஆண்டுகள் கழித்து, 1953இல், சென்னை மாநிலத்திலே ராஜாஜி அமைச்சரவை கொணர்ந்த திட்டமோ, சிற்றூர்ச் சிறுவனுக்கு அரை நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954இல் திட்டம் வீழ்ந்தது. குயவன் மகன் என்னவாவான் என்பதை, அவன் பிறக்குமுன்னரே எவரும் எழுதிவைத்திடலாகாது என்பதற்காக அன்றோ அந்தக் கிளர்ச்சி!

இன்று அந்த எழுதுகோலை இயந்திரம் ஏந்துகிறது. எதைக் கண்டோம், எதை வாங்கினோம் என்று கணக்கெடுத்து, இனி எதை விரும்புவோம் என்று கணித்து, அதையே நம் முன் நீட்டுகிறது. கருவியை நாம் பழிக்கவில்லை. கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்று 'இனிவரும் உலகம்' நூலிலே முன்னரே கூறிய பெரியாரின் வழிவந்தோர் நாம். ஆனால், சாதகக் கட்டைத் தூக்கி எறிந்தவர்கள், கணிப்பொறிச் சோதிடனிடம் கை நீட்டலாமா?

"தேர்ந்தெடுப்பவன் தவறிவிட்டால்?" என்பர். தவறட்டும்! தவறியவனும் பட்டினி கிடந்திடாத சமுதாயமே நாம் விழைவது. இன்று ஏழை துணிந்து வழி மாறுவதில்லை. ஒருமுறை சறுக்கினால் அடுப்பிலே உலை ஏறாது என்ற அச்சம். அந்த அச்சம் அகன்றால், அவனும் தேர்ந்தெடுப்பான், உலகம் வியக்கும். சமத்துவம் வியப்பின் பகையன்று. வியப்பு விளையும் நிலம்.

வகுப்பறையிலே, "வளர்ந்தபின் என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்கிறோம். சிறுமி ஒருத்தி தயங்கி எழுகிறாள். அவள் விடை நமக்கு முன்கூட்டித் தெரியாதிருக்க வேண்டும். தெரிந்திருந்தால், தோழர்களே, நாம் அமைத்தது புத்துலகன்று; பழைய சிறைக்குப் புதுச் சுண்ணாம்பு!