பூனைக்குப் பனடோல்

நாங்கள் நான்கு பேர். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். நால்வருக்கும் வேலை உணவகக் குசினிகளில். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, இப்போது இருவர் அடுப்படிவரை உயர்ந்திருக்கிறோம். எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மெய்யியல் படித்துவிட்டு, முடிக்காமல் புறப்பட்டு வந்தவன். அவனை 'தத்துவம்' என்றுதான் கூப்பிடுவோம். இக்கட்டுரையில் வரும் கேள்விகள் அவனுடையவை. மறுமொழி என்று ஏதும் இருந்தால் அது நால்வருக்கும் பொது.

கேள்வி மேல்வீட்டிலிருந்து வந்தது. வீட்டுக்காரி எண்பது வயதை எட்டும் இத்தாலியப் பெண். வீதியில் எல்லோரும் அவரை 'நோன்னா' என்பார்கள். அவர்களின் பாசையில் அம்மம்மா. அவரிடம் புரூனோ என்று பதின்மூன்று வயது லப்ரடோர் நாய் ஒன்று. அதன் இடுப்பு மூட்டுகளும் பின்னங்கால் முழங்கால்களும் தேய்ந்து போயிருந்தன. பனிக்காலக் காலைகளில், நாங்கள் இரவு வேலை முடித்துத் தூங்கி எழும்புகிற நேரத்தில், நோன்னா ஒரு துவாயை நாயின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு கையாலும் தூக்கி, வாசற்படி மூன்றையும் இறக்குவதை யன்னலால் பார்ப்போம். வழுக்கும் பலகைத் தரை முழுக்கப் பழைய கம்பளத் துண்டுகள். மிருக வைத்தியர் முதலில் கொடுத்தது மருந்தல்ல, சாப்பாட்டைக் குறைக்கும் அட்டவணை. பாரம் குறைந்தால் தேய்ந்த மூட்டுக்குச் சுமை குறையும். அதற்குப் பிறகுதான் மாதம் ஒரு ஊசி. அதன் விலை ஏறக்குறைய எங்கள் ஒரு நாள் உழைப்பு.

நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு ஒரு ஞாயிறு இரவு அந்தச் சிரிப்பு நின்று போனது. எங்களில் மூத்தவர் வன்னிக்காரர், நாங்கள் அண்ணை என்போம். அவர் சொன்னார்: "கடைசி மாசங்களில என்ர அக்கான்ர பெடியனுக்குக் காலை எடுக்கேக்க மயக்க மருந்து இல்லை. இஞ்ச நாய்க்கு மாசம் மாசம் ஊசி." அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

2009 இல் அந்த ஒடுங்கிய கரையில் மயக்க மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் நடந்ததையும், சத்திரசிகிச்சைப் பொருட்கள் உள்ளே போகவிடாமல் தடுக்கப்பட்டதையும் 2011 இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிந்திருக்கிறது. தூரம் போக வேண்டியதுமில்லை. 2012 யூனில் கனடிய மத்திய அரசு அகதிகளுக்கான இடைக்கால சுகாதாரத் திட்டத்தை வெட்டியபோது, விண்ணப்பதாரர் பலருக்கு மருந்துச் செலவு நின்று போனது. 2014 யூலையில் சமஷ்டி நீதிமன்றம் அதைக் கொடுமையானது என்று தீர்த்தது. 2016 ஏப்ரலில்தான் திட்டம் முழுமையாகத் திரும்பியது. ஆக, யாருடைய நோவு மருந்துக்குத் தகுதியானது என்ற கணக்கு எல்லா நாட்டிலும் யாரோ போடுகிற கணக்குத்தான். அந்தக் கணக்கில் ஒரு நாய் எங்களுக்கு முன்னால் நிற்பதாக அன்றிரவு எங்களுக்குத் தோன்றியது.

தத்துவம் தன் பங்குக்கு இரண்டு பேரை இழுத்து வந்தான். மிருகம் ஒரு யந்திரம், அதன் கத்தல் மணிக்கூட்டின் ஓசை போன்றது என்ற எண்ணத்துக்கு வழிவிட்டவர் டேக்காட். மிருகம் சிந்திக்குமா பேசுமா என்பதல்ல, துன்பப்படுமா என்பதே பொருட்டு என்று 1789 இல் எழுதியவர் பெந்தம். "சரி, உன்ர பெந்தம் வன்னிக்கு வந்தவரோ?" என்று அண்ணை கேட்டார். பேச்சு அதோடு முறிந்தது.

எங்களிடமும் ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. எங்களுக்கு முன்னர் அங்கே குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வளவு நாயைப் படலையடியில் விட்டுவிட்டு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் மூவர். பூனைக்குக் கறுப்பி என்று பெயர் வைத்தோம். உணவகத்தில் மிஞ்சும் மீன்துண்டுதான் அதன் சாப்பாடு.

ஒரு பெப்ரவரியில் கறுப்பி மாறிப் போனது. யன்னல் விளிம்புக்கு ஏறுவதை விட்டது. முதுகு மயிர் திரண்டு சடை விழுந்தது. மண் பெட்டிக்குள் போகாமல் அதன் பக்கத்திலேயே மூத்திரம் பெய்தது. வயது போய்க் குணம் கெட்டுவிட்டது என்று ஏசினோம். பிறகு ஒருநாள் தூக்கும்போது இடுப்பில் கை படச் சீறியது. நோவாக்கும் என்று எங்களில் இளையவன் கண்டுபிடித்தான். நோவென்றால் என்ன செய்வது? எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நாரிப்பிடிப்புக்கும் மனவருத்தத்துக்கும் ஒரே மருந்துதானே. அவன் அரைக் குளிசை பனடோலைக் கரண்டியால் நசித்து மீன் குழம்பில் கலந்து வைத்தான். அவனுடைய அம்மா அவனுக்கு அப்படித்தான் கொடுத்தவ.

உடுப்புத் தோய்க்கும் மெசின் எங்கள் பக்கம் இருந்ததால் அந்த நேரம் நோன்னா கீழே இறங்கி வந்தார். மேசையில் கிடந்த குளிசை மட்டையைக் கண்டார், நிலத்தில் கிடந்த கோப்பையைக் கண்டார். அந்த வயதிலும் அவர் பாய்ந்த வேகத்தை மறக்க முடியாது. கோப்பையைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டார். நோவில் பசி கெட்டிருந்ததால் கறுப்பி அதில் வாய் வைத்திருக்கவில்லை. நோவுதான் அதைக் காப்பாற்றியது.

பரசிற்றமோலைச் செயலிழக்கச் செய்து வெளியேற்ற மனித ஈரலுக்கு இருக்கும் ஒரு முக்கிய வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஆகவே மருந்து நஞ்சாக மாறிச் செங்குருதிக் கலங்களைத் தாக்கும். இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகும். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு குளிசை போதும், அரைக் குளிசையும் போதுமாகலாம். நாய்க்கு நாங்கள் விழுங்கும் இபுபுரோபனும் ஆகாது. இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதெல்லாம் அடுத்த நாள் கிளினிக்கில் தெரிந்துகொண்டது. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தப் பூனைக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. நாங்கள் அதை எங்களைப் போலவே நேசித்தோம். அந்த நேசத்தால் கொல்லப் பார்த்தோம்.

கிளினிக்கில் வைத்தியர் 'எங்கே நோகிறது' என்று கேட்கவில்லை. 'எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறது' என்று கேட்டார். நாங்கள் குணம் கெட்டது என்று சொன்ன ஒவ்வொன்றும் அவருடைய தாளில் ஓர் அறிகுறியாக ஏறியது. ஏறப் பாயாதது, இடுப்பு நோவு. மயிர் நக்காதது, முதுகைத் திருப்ப முடியாதது. பெட்டிக்கு வெளியே பெய்தது, பெட்டியின் விளிம்பு உயரம். 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளில் மூட்டுத் தேய்வு இருந்ததாம். நொண்டுகிற பூனையையோ நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. பூனை நொண்டிக் காட்டாது, ஒதுங்கிக்கொள்ளும். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 2019 இல் பூனையின் முகத்தில் நோவைப் படிக்க ஓர் அளவுகோல் செய்திருக்கிறது. காது, கண், மூஞ்சி, மீசை, தலை என்று ஐந்தைப் பார்ப்பது. அது திடீர் நோவுக்கு உதவும். வருடக்கணக்கான மூட்டு நோவுக்கு முகத்தைவிட அன்றாடம்தான் சாட்சி.

முகத்தை மறைப்பதில் நாங்களும் தேர்ந்தவர்கள். பத்து மணித்தியாலம் றப்பர் விரிப்பில் நின்று முழங்கால் இறுகினாலும் குசினியில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அடுத்த கிழமை வேலை நேரம் குறையும். இன்னொரு மேசைக்கு முன்னாலோ, அகதி விசாரணையில், நோவை நாள் திகதியோடு நிரூபிக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் மறைத்தால்தான் வாழலாம், இன்னோரிடத்தில் காட்டினால்தான் வாழலாம். கறுப்பிக்கு ஒரு விதிதான் தெரிந்திருந்தது.

சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். படுக்கையைக் கணப்பு மெசினுக்குக் கிட்ட மாற்றினோம். யன்னலுக்கு ஏறப் படி வைத்தோம். கடைசியில் கறுப்பிக்கும் மாதம் ஒரு ஊசி, நான்காகப் பிரித்த செலவு. மண் பெட்டியின் முன்பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக் கொடுத்தவர் அண்ணை. மூட்டை வெட்டும் கத்தியால் வெட்டி, காலில் கீறாமல் விளிம்புக்கு ரேப் ஒட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு காலையில் கறுப்பி யன்னல் விளிம்பில் இருந்தது. பாயவில்லை. படியில் ஏறி, கதிரையில் ஏறி, இளைப்பாறி, பிறகு ஏறியிருக்கும்.

ஊசியைப் பற்றிக் கேட்டபோது நோன்னா பெருமையாக, "அது எங்கட நாட்டு மனுசியின்ர கண்டுபிடிப்பு" என்றார். முழுவதும் சரியில்லை, முழுவதும் பிழையுமில்லை. ரீற்றா லெவி-மொன்ரல்சினி என்ற யூதப் பெண் ரியூரினில் வைத்தியம் படித்தவர். 1938 இல் முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, தன் படுக்கையறையில் ஆய்வுகூடம் வைத்துக் கோழி முட்டைக் கருவின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1943 இல் ஜேர்மன் படைகள் வந்ததும் புளோரன்ஸில் ஒளிந்து வாழ்ந்தார். 1944 இல் நகரம் விடுபட்டபின் இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் வைத்தியராக வேலை செய்தார். பிறகு அமெரிக்கா போய், 1950களின் தொடக்கத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற பொருளைக் கண்டார். அதற்காக 1986 இல் ஸ்ரான்லி கோகனோடு நோபல் பரிசு. நரம்பை வளர்க்கும் அதே பொருள் தேய்ந்த மூட்டில் பெருகி நோவு நரம்புகளைத் தீட்டி விடுகிறது என்பது பிந்தித் தெரிய வந்தது. இன்றைய ஊசி அந்தப் பொருளைப் பிடித்து முடக்கும் ஓர் அன்ரிபொடி. பூனைக்கான சொலென்சியாவை அமெரிக்காவில் 2022 ஜனவரியிலும், நாய்க்கான லிப்ரெலாவை 2023 மேயிலும் அனுமதித்தார்கள். எல்லா மருந்தையும் போல இதற்கும் பின்விளைவுண்டு. 2024 டிசம்பரில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் லிப்ரெலா பெற்ற சில நாய்களில் கண்ட நரம்புக் கோளாறுகளைப் பற்றி மிருக வைத்தியர்களுக்கு எழுதியது. புரூனோவின் நடையை நோன்னா இப்போது இன்னும் கவனமாகப் பார்க்கிறார்.

ஒரு போரில் துரத்தப்பட்டவரின் படுக்கையறையில் தொடங்கிய வேலை ஸ்காபரோவில் ஒரு நாயின் இடுப்பில் வந்து முடிகிறது. இதை அண்ணைக்குச் சொன்னோம். அவர் கேள்வியை இது தீர்க்கவில்லை. அந்தப் பெடியனுக்கு மயக்க மருந்து கிடைக்காமல் போனது ஒரு நாய் அதைக் குடித்துவிட்டதால் அல்ல, கிடைக்கக்கூடாது என்று முடிவெடுத்த மனிதரால். நாயின் ஊசியைப் பறித்தாலும் அந்தக் கால் திரும்பாது. இவ்வளவும் சரி. ஆனால் எங்கள் பொக்கற்றில் உள்ள டொலர் ஒன்றுதான். பூனைக்குப் போவது கிளிநொச்சிக்குப் போகாது. இந்தக் கணக்கை நாங்கள் இன்னமும் முடிக்கவில்லை. முடித்துவிட்டதாகச் சொல்பவர்களை நம்பவும் இல்லை.

ஆனால் வேறொன்று தெளிந்தது. பிறருக்கு உன்னைப் போல் செய் என்று எல்லாச் சமயமும் சொல்கிறது. பிற உயிரின் நோவைத் தன்னுடையதாக எண்ணிக் காக்காவிட்டால் அறிவால் என்ன பயன் என்று வள்ளுவரும் கேட்கிறார். நாங்கள் சின்ன வயதில் அதைப் பாடமாக்கியபோது 'தன்னுடையதாக' என்ற இடத்தில் நின்றுவிட்டோம். அவர் அறிவைப் பற்றியும் பேசுகிறார் என்பதைக் கவனிக்கவில்லை. பிறரின் நோவு என்னுடையது போன்றது என்பது தொடக்கம் மட்டுமே. அது என்னுடையது அல்ல, அதன் உடம்பு வேறு, அதன் மருந்து வேறு என்று அறிவது அதற்கடுத்த வேலை. முதலாவது இல்லாதவன் கல்நெஞ்சன். இரண்டாவது இல்லாதவன் பனடோலோடு வருகிறவன். நாங்கள் கல்நெஞ்சரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பனடோலோடு வந்தவர்களைப் பற்றி எழுதவில்லை, ஏனென்றால் அது நாங்கள்தான்.

தத்துவத்தின் அம்மா வட்டுக்கோட்டையில் தனியே இருக்கிறா. கிழமைக்கு ஒருமுறை ரெலிபோனில் 'முழங்கால் எப்பிடி' என்று கேட்பான். 'ஒண்டுமில்லை மோனை' என்பா. அவன் மாதக் காசோடு, ஊருக்குப் போகிறவர்களிடம் குளுக்கோசமைன் போத்தல்களும் கொடுத்து விடுவான். எங்கள் எல்லோருடைய அம்மாமாருக்கும் அப்படித்தான்.

கறுப்பி யன்னலில் இருந்த அந்தக் கிழமை அவன் கேள்வியை மாற்றினான்.

"நல்லூர்த் தேருக்குப் போனீங்களோ அம்மா?"

"சனம் கூட. ரிவியில பாத்தனான்."

"தேங்காய் ஆர் திருவுறது?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து திருவித் தரும்."

"நிலத்தில இருந்து எழும்ப ஏலுமோ?"

மறுமொழி இல்லை. பிறகு, "பூனையின்ர கதை சொல்லிக்கொண்டிருந்தனி, ஏன் இப்ப இதெல்லாம் கேக்கிறாய்?" என்றா.

குந்தி எழும்புகிற கக்கூசுக்குப் போகப் பயந்து, பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை அவ நிறுத்தி இரண்டு வருடமாம். அதைச் சொல்லவே அரை மணித்தியாலம் எடுத்தது. போத்தல்கள் அலுமாரிக்குள் உடைக்காமல் இருக்கின்றன.

இந்த மாதம் நாங்கள் நால்வரும் சேர்ந்து காசு அனுப்பியிருக்கிறோம். கொமட் வைத்து, சுவரில் பிடித்தெழும்ப ஓர் இரும்புக் கம்பியும் பொருத்த வேண்டும். கம்பி எந்த உயரத்தில் வரவேண்டும் என்று மேசன் கேட்டிருக்கிறார். அம்மாவை எழும்பச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்து வையுங்கோ என்று சொல்லியிருக்கிறோம்.