அளவுகோலும் தீர்ப்பும்

மாணவர் யாவரும் ஒரே ஆற்றலுடையர் அல்லர் என்பதை அறிதற்கு உளவியல் தேவையில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியரும் அதனை அறிந்திருந்தார். உளவியல் புதிதாகச் செய்தது அவ்வேறுபாட்டுக்கு எண் வழங்கியமையே. அவ்வெண்ணைக் கொண்டு ஒருவருக்கு உரியது எது, உரியதன்று எது எனத் தீர்ப்புக் கூறும் உரிமை அளப்பவருக்கு உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

பிரான்சில் அல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நுண்மதி அளவுகோல் 30 சிறு சோதனைகளைக் கொண்டது. வழமையான வகுப்பிற் பின்தங்கிய பிள்ளைகளுள் தனிக் கவனம் வேண்டுவோரை இனங்காணுதலே அதன் நோக்கம். அளந்ததோடு பினே நின்றுவிடவில்லை. அப்பிள்ளைகளின் கவனத்தை வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். ஆசிரியர் சைகை காட்டியதும் சிலைபோல் அசையாது நிற்கும் விளையாட்டு அவற்றுள் ஒன்று. நுண்மதி என்றும் மாறாத அளவினது என்ற கருத்தை 1909இல் அவர் வெளிப்படையாகவே மறுத்தார்.

பினே 1911இல் மறைந்தார். மறு ஆண்டில் வில்லியம் ஸ்ரேர்ண் உளவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். 1916இல் அமெரிக்கரான லூயிஸ் ரேர்மன் அதனை நூறாற் பெருக்கி வழக்கிற் கொணர்ந்தார். எட்டு வயதுப் பிள்ளையின் உளவயது ஆறெனின், நுண்மதி ஈவு 75. கணக்கிற் பிழையில்லை. ஆயினும், 'இன்று இது இயலவில்லை' என்ற கூற்று 'இவன் இத்தகையவன்' என்ற கூற்றாகத் திரிவதற்கு வழி இங்கேதான் திறந்தது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். ஆங்கிலம் வாசிக்க இயலாதோருக்குப் படங்களாலான 'பீற்றா' சோதனை வழங்கப்பட்டது. வலையில்லாத ரெனிஸ் ஆடுகளம், இழையில்லாத மின்குமிழ் முதலிய படங்களில் விடுபட்டதை அவர்கள் வரைந்து நிரப்பவேண்டும். ரெனிஸையே கண்டிராத ஒரு குடியானவன் அவ்வலையை வரையாது விட்டமை மதியின் குறையாகுமா?

இப்பெறுபேறுகளை ஆராய்ந்த கார்ல் பிறிகம், குடியேறி நெடுங்காலம் வாழ்ந்தோர் கூடிய புள்ளி பெற்றிருந்ததைக் கண்டார். நாட்டுப் பழக்கமே புள்ளியை உயர்த்தியது என்பது எவருக்கும் தோன்றக்கூடிய விளக்கம். அவரோ, பிந்தி வந்தோர் பிறப்பிலேயே மதி குறைந்த இனத்தவர் என 1923இல் ஒரு நூலே எழுதினார்.

சோதனையைத் திருத்தினாற் போதும் என்பர் சிலர். திருத்தம் வேண்டியதே, பிற்காலச் சோதனைகள் பெரிதும் திருந்தியுமுள்ளன. ஆனால் எத்துணை நம்பகமான சோதனையும் ஒருவருக்குள்ள ஆற்றலைக் கூறுமேயன்றி, அவருக்குச் செய்யவேண்டியது யாதெனக் கூறாது. 75 என்ற ஈவைக் கண்டு ஒரு பிள்ளைக்கு மேலும் ஓர் ஆசிரியரை அளிக்கலாம். இருக்கும் ஆசிரியரையும் பறிக்கலாம். எண் இரண்டையும் தடுப்பதில்லை. அத்தெரிவு அளப்பவருடையது, விளைவோ அளக்கப்பட்டவருடையது.

பிறிகம் தம் முடிவு அடிப்படையற்றதென 1930இல் தாமே எழுதி மீட்டுக்கொண்டார். அந்நேர்மை அரிது. ஆனால் தென், கீழை ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாக மட்டுப்படுத்திய சட்டம் 1924இலேயே நிறைவேறியிருந்தது. அச்சட்டத்துக்கு அவர் நூல் மட்டும் காரணமன்று. எனினும், அவர் தம் கூற்றை மீட்டுக்கொண்ட ஆண்டிலும் அச்சட்டம் நடைமுறையிலேயே இருந்தது.