சான்றிதழில் இருக்கும் கடவுள்

அமெரிக்க அதிபர் பைபிள்மேல் கைவைத்து உறுதிமொழி எடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தால் எங்கள் மேனாம்பேட்டு சபையார் பலர் பூரித்துப்போகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பூரிப்பு வருவதில்லை. அரசுக்கென்று மதம் கூடாது என 1791-இல் எழுதிவைத்த நாடு அது. 1956-இல் கடவுள் நம்பிக்கையையே தேசிய வாசகமாக்கிக்கொண்டது. நம்பாதவன் சட்டைப்பையிலும் அந்த வாசகம் அச்சிட்ட டாலர்தானே?

நம் அரசு கடவுளை ரூபாய் நோட்டில் அச்சிடவில்லை. சாதிச் சான்றிதழுக்குள் வைத்திருக்கிறது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி உரிமை தந்தது. அதே 1956-இல் சீக்கியர்களை முழுமையாகச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களை. ஞானஸ்நானம் பெற்ற தலித் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர், அவ்வளவுதான்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம், அதுதான் காரணம்! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர் வேறு கதை சொல்லும். அதை எழுப்பியது அரசல்ல, நம் ஆட்கள். சபைகள் இதை வசதியாக மறந்துவிட்டு டெல்லியை மட்டும் குறைசொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும், ஒருவன் யாரிடம் ஜெபிக்கிறான் என்று பார்த்து உரிமையை அளக்க வட்டாட்சியருக்கு என்ன வேலை? மத நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. நீக்கிவிட வேண்டியதுதான்.